ஒலி ஒத்தால் உறவாகுமா?



நான் ரொறன்ரோவில் வார இறுதித் தமிழ் வகுப்பொன்றில் கற்பிக்கிறேன். வகுப்பிலும் சரி, இப்படியான இணையவழிச் சந்திப்புகளிலும் சரி, தவறாமல் என்னிடம் வரும் கேள்வி ஒன்று உண்டு. “மாஸ்டர், தமிழிலிருந்து இங்கிலீசுக்குப் போன சொற்கள் எவை?” கேட்பவரிடமே பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். காசு ‘கேஷ்’ ஆனது, ஒன்று ‘ஒன்’ ஆனது, கட்டுமரம் ‘கட்டமரன்’ ஆனது என்று அடுக்குவார். நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலில் சில சரி, சில பிழை. எது சரி, எது பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்று அதைப்பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இரண்டு சொற்கள் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருந்தால் மட்டும் அவை உறவு ஆகிவிடாது. பாரசீகத்தில் ‘பத்’ என்றால் கெட்டது. ஆங்கிலத்தில் ‘பேட்’ என்றாலும் கெட்டதுதான். ஆனால் இரண்டுக்கும் தொடர்பில்லை, தற்செயல். உலகத்தில் இத்தனை ஆயிரம் மொழிகள், மனித வாயில் எழும் ஒலிகளோ கொஞ்சம். அங்கொன்றும் இங்கொன்றும் மோதத்தான் செய்யும்.

ஆகவே ஒரு சொல்லிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். உன் பழைய வடிவம் என்ன? உன் சகோதர மொழிகளில் நீ இருக்கிறாயா? எந்த வழியால் இங்கே வந்தாய்?

‘ஒன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நாம் பேச்சில் ‘ஒண்டு’, ‘ஒண்ணு’ என்கிறோம். முன்னால் ஒரு மெல்லிய வகரம் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் ‘வன்’ என்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அந்த வகரம் பிற்காலத்தில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘ஆன்’. ஜெர்மனில் ‘ஐன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. ‘ஓன்லி’, ‘அலோன்’ என்ற சொற்களுக்குள்ளும் அதே சொல்தான் இருக்கிறது. அவற்றில் வகரம் ஏறவில்லை. நம் பக்கம் பார்த்தால் ‘ஒரு’, ‘ஓர்’ என்ற வேர், கன்னடத்தில் ‘ஒந்து’, மலையாளத்தில் ‘ஒந்நு’. இரண்டு குடும்பங்களும் தனித்தனியே வளர்ந்தவை. பின்னோக்கிப் போகப்போக ஒற்றுமை குறைகிறதே தவிரக் கூடவில்லை. உறவாக இருந்தால் நேர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

அடுத்தது ‘கேஷ்’. இது சுவாரசியமான வழக்கு. கடையில் நாம் கொடுக்கும் ‘கேஷ்’ இத்தாலிய ‘காஸா’, பிரெஞ்சு ‘கேஸ்’ வழியாக வந்தது. அதன் பொருள் பெட்டி. பணப்பெட்டியைக் குறித்த சொல் பெட்டிக்குள் இருந்த பணத்தைக் குறிக்கத் தொடங்கியது. பெட்டி என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேஸ்’ இதற்கு உடன்பிறப்பு. ஆனால் நல்ல ஆங்கில அகராதியைத் திறந்தால் அதே எழுத்துகளில் இன்னொரு ‘கேஷ்’ தனிப் பதிவாக இருக்கும். தென்னிந்தியாவிலும் சீனத்திலும் புழங்கிய சிறு நாணயத்தின் பெயர் அது. போர்த்துக்கேயர் ‘காய்ஷா’ என்று எடுத்துச் சென்ற நமது காசு அதுதான். இரண்டு சொற்கள், ஒரே எழுத்து. காசு ஆங்கிலத்துக்குப் போனது உண்மை. நாம் கைகாட்டும் இடம்தான் பிழை.

கட்டுமரத்தில் ஐயமே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேயர் கண்ணால் கண்டு எழுதிவைத்த சொல். ஆனால் இன்று இங்குள்ளவர் ‘கட்டமரன்’ என்றால் இரட்டை அடித்தளம் கொண்ட சொகுசுப் படகை நினைப்பார். மரங்களைச் சேர்த்துக் கட்டியதை அல்ல. சுருட்டு ‘ஷெரூட்’ ஆனதும் உறுதி. மிளகுத்தண்ணீர் ‘முல்லிகடானி’ சூப்பாகிவிட்டது; அதில் இப்போது ஆப்பிள்கூடப் போடுகிறார்கள். சொல் கப்பலேறிய பிறகு பொருளை நாம் கட்டிவைக்க முடியாது.

இந்த உறுதியான சொற்களை ஓர் அட்டையில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தேன். பிள்ளைகளுக்குப் பெருமை. எனக்கும்தான்.

சென்ற குளிர்காலத்தில் பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வரலாற்றுப் புத்தகத்துடன் வந்தாள். “அப்பா, ‘பரையா’ எண்டு ஒரு சொல். எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன் எண்டு பொருளாம். இது எங்கட சொல்லோ?”

“ஓம்” என்றேன்.

“அப்ப ஏன் உங்கட அட்டையில இல்லை?”

எனக்குப் பதில் வரவில்லை. மறந்துபோய் விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மறக்கவில்லை, விட்டுவிட்டேன்.

மூன்று கேள்விகளிலும் தேறும் சொல் அது. பறை என்ற இசைக்கருவியோடு தொடர்புடைய, ஒரு மக்கட்பிரிவின் பெயர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. பின்னர் ஐரோப்பிய எழுத்தாளர்கள் அதை எடுத்து ஒதுக்கப்பட்ட எவருக்கும் பொதுப் பெயராக்கினார்கள். 1821இல் பாரிசில் ‘லெ பாரியா’ என்றே ஒரு நாடகம் மேடையேறியது. இன்று செய்தியாளர்கள் ஒதுக்கப்பட்ட நாடுகளுக்கும் அந்தச் சொல்லைச் சூட்டுகிறார்கள். அது உயிரோடிருக்கும் மனிதர்களின் பெயர் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பொருளை ஐரோப்பியர் வெறுங்கையால் உண்டாக்கவில்லை. நம் ஊரில் அந்த மக்களை நாம் எப்படி நடத்தினோமோ, அதைப் பார்த்துத்தான் சொல்லோடு பொருளையும் எடுத்துப்போனார்கள்.

மகளுக்கு இன்னொன்றும் சொன்னேன். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. உலகம் வசையாக்கிய பெயரை, அந்த மக்களில் ஒருவர் தன் பத்திரிகையின் நெற்றியில் அச்சிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அட்டையில் அந்தச் சொல்லையும் எழுதினேன். ஒரு பெற்றோர் தனியே வந்து, “மாஸ்டர், பிள்ளைகளுக்கு இது தேவையா?” என்று கேட்டார். கட்டுமரத்தை நம்முடையது என்று சொல்லிக் கொடுக்கிறோம். இதுவும் அதே கரையிலிருந்து போனதுதான் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. உடன்பட்டாரா என்றும் தெரியவில்லை. அட்டை இன்னும் சுவரில் இருக்கிறது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.