குரோஷே பின்னற்பையும் அதன் உண்மை மதிப்பும்

முன்னாளில் மனிதன் கையால் செய்த பல பொருள்களை இன்று இயந்திரங்கள் செய்கின்றன. துணி நெய்ய இயந்திரம் உண்டு. கம்பளிச் சட்டை பின்னவும் இயந்திரம் உண்டு. ஆனால், குரோஷே என்னும் கொக்கிப் பின்னலைக் கைவேலை போலவே செய்து தரும் ஆலை இயந்திரம் இன்றுவரை வழக்கிற்கு வரவில்லை. அதன் தோற்றத்தை ஒத்த இயந்திரத் துணி கடையில் கிடைக்கலாம். உண்மையான குரோஷே பையோ, ஒவ்வொரு கண்ணியும் ஒருவருடைய விரல்களால் பின்னப்பட்டதாகும். அவ்விரல்களின் உழைப்புக்கு நாம் என்ன மதிப்புத் தருகிறோம் என்பதை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் எண்ணிப் பார்க்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

'குரோஷே' என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்று பொருள்படும். மலாய் மொழியில் இவ்வேலையை 'மெங்காயிட்' என்பர். அதன் வேர்ச்சொல்லான 'காயிட்' என்பதற்கும் கொக்கி என்பதே பொருள். இரு மொழியினரும் கருவியைக் கொண்டே தொழிலுக்குப் பெயரிட்டனர். நுனி வளைந்த ஓர் ஊசியும் ஒரு நூற்கண்டும் இருந்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம். சந்தைப் பை பின்னுவதற்குப் பருத்தி நூலே ஏற்றது. அது கம்பளி நூலைப் போல் அதிகம் இழுபட்டுத் தொங்காது; துவைப்பதற்கும் எளிது.

பின்னும் முறையைக் காண்போம். ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மீண்டும் நூலை மாட்டி அவ்விரண்டின் வழியாகவும் இழுத்தால் ஒரு கண்ணி முடிந்தது. பையின் அடிப்பாகத்தை வட்டமாகத் தொடங்க வேண்டும். முதல் சுற்றில் 6 கண்ணிகள். இரண்டாம் சுற்றில் 12. மூன்றாம் சுற்றில் 18. மாணவர்களே, இது நீங்கள் மனனம் செய்த ஆறாம் வாய்ப்பாடேயன்றி வேறில்லை! கணக்குக் குறைந்தால் அடிப்பாகம் கிண்ணம் போல் குழிந்துவிடும். மிகுந்தால் ஓரம் அலையலையாக நெளியும். தவறு நேர்ந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. நூலை இழுத்துப் பிரித்து, அதே நூலால் மீண்டும் பின்னலாம்.

20ஆம் சுற்றில் 120 கண்ணிகள் இருக்கும். அதன்பின் எண்ணிக்கையைக் கூட்டாமல் பின்னினால் பையின் சுவர் எழும்பும். ஒரு கண்ணி அரை சென்டிமீட்டர் அளவில் அமைந்தால், அடி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலமிருக்கும். சுவருக்கு 50 சுற்றுகள் பின்னினால் உயரம் 25 சென்டிமீட்டராகும்.

இனி, எல்லாக் கண்ணிகளையும் கூட்டிப் பாருங்கள். அடிப்பாகத்தில் 1,260, சுவரில் 6,000, ஆக மொத்தம் 7,260 கண்ணிகள். நிமிடத்திற்கு 12 கண்ணிகள் வீதம் பின்னினாலும் பத்து மணி நேரத்திற்கு மேலாகும். கைப்பிடி இதில் சேரவில்லை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடப்புக்கு வந்த ஆணைப்படி நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்; மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 72 காசு. அவ்வாறாயின், பத்து மணி நேர உழைப்புக்கு மட்டுமே 87 ரிங்கிட் 20 காசு ஆகிறது. இப்பையை இருபது ரிங்கிட்டுக்குக் கேட்பவர், பின்னியவருக்கு மணிக்கு இரண்டு ரிங்கிட்டே தருகிறார். நூல் விலையைக் கழித்தால் அதுவும் மிஞ்சாது.

தோட்டத்தில் உழைப்பை எண்ணாமல் விடுவதில்லை. பாலை நிறுத்து எழுதினர். செம்பனைக் குலைகளை எண்ணி எழுதுகின்றனர். ஆனால், வீட்டில் தாய்மார்கள் பின்னும் கண்ணிகளை எண்ணுவார் எவருமில்லை. "சும்மா இருக்கும் நேரத்தில் செய்தது" என்று சொல்லிவிடுகிறோம்.

இவ்வழக்கம் நம்மிடம் மட்டும் உள்ளதன்று. இந்தியாவின் ஆந்திர மாநிலத்திலுள்ள நரசாப்பூர், குரோஷே சரிகைப் பின்னலுக்குப் பெயர் பெற்ற ஊர். 2024ஆம் ஆண்டில் அப்பின்னலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும், அங்குள்ள பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் வேறொன்றையும் காட்டியது. நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய பெண்களைத் தொழிலாளர்களாகக் கருதாமல், ஓய்வு நேரத்தைப் போக்கும் இல்லத்தரசிகளாகவே கருதினர். ஆகவே கூலி மிகக் குறைவாயிற்று. ஆதாயம் வணிகர் கைக்குச் சென்றது.

ஆயினும், இக்கைத்தொழில் குடும்பங்களைக் காத்ததும் உண்டு. 1845ஆம் ஆண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுக் கொடிய பஞ்சம் தொடர்ந்தபோது, குரோஷே சரிகை பின்னி விற்ற வருமானம் பல ஏழைக் குடும்பங்களுக்கு உணவளித்தது. நம் நாட்டிலும் இதற்குத் தேவை உண்டு. சிலாங்கூரில் 2017ஆம் ஆண்டு பிளாஸ்டிக் பைக்கு 20 காசு கட்டணம் விதிக்கப்பட்டது. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பைக்குப் பதிலாக, பல ஆண்டுகள் உழைக்கும் பையை ஏந்திச் செல்வது வீட்டிற்கும் நாட்டிற்கும் நன்மை.

பெற்றோர்களே, பை பின்னி விற்க விரும்பினால், தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். விலை சொல்லும்போது அக்குறிப்பே உங்களுக்குத் துணை நிற்கும். வாங்குவோரால் அவ்விலை தர இயலாதெனில், உழைப்பின் விலையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். இடைவெளி விட்டுப் பின்னும் வலைப்பைக்கு நூலும் நேரமும் குறைவாகவே பிடிக்கும்.

மாணவர்களே, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி இதனைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவோ பாட்டியோ பின்னிய பை வீட்டில் இருந்தால், இன்று மாலையே அதன் ஒரு சுற்றிலுள்ள கண்ணிகளை எண்ணி, எத்தனை சுற்றுகள் உள்ளனவோ அவற்றால் பெருக்குங்கள். கிடைக்கும் விடையை அவர்களிடமே சொல்லுங்கள். தம் உழைப்பை ஒருவர் எண்ணிப் பார்த்தார் என்று அறிந்து அவர்கள் மகிழ்வார்கள்.