இரும்பும் மீக்கடத்தலும்

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டுக்குள் காலைப்பொழுதில் நுழைவோர் நேரே நடந்து செல்லல் இயலாது. கூடை சுமப்பாரும் மூட்டை தூக்குவாரும் எதிர்ப்பட, ஒதுங்கியும் நின்றும் இடிபட்டுமே செல்லுதல் வேண்டும். செம்புக் கம்பியினுள் ஓடும் எலெக்ட்ரான்களின் நிலையும் இத்தகையதே. அதிரும் அணுக்களால் தடைப்பட்டு அவை ஆற்றலை இழக்கின்றன. கம்பி சுடுவது அதனாலேயாம்.

சில பொருள்களை மிகக் குளிர்வித்தால் இத்தடை அறவே ஒழியும். எலெக்ட்ரான்கள் இணை இணையாய்ச் சேர்ந்து இழப்பின்றி ஓடும். இதனை மீக்கடத்தல் என்பர். (மீ என்பது மேல் என்னும் பொருட்டு, மீமிசை என்பதன்கண் உள்ளதும் அதுவே.) 1911-இல் ஆலந்து நாட்டறிஞர் காமர்லிங் ஆன்னசு இதனைப் பாதரசத்திற் கண்டார். மீன் கடையில் இடும் பனிக்கட்டி உருகுவது 0 பாகையில். பாதரசத்திற்கோ சுழிக்குக் கீழ் 269 பாகைக் குளிர் வேண்டியிருந்தது.

காந்தத்தன்மை அவ்விணைகளைப் பிரித்துவிடும் ஆதலின், இரும்பு இதற்கு ஆகாது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2008-இல் ஜப்பானிய அறிஞர் ஹோசோனோவின் குழுவினர், லாந்தனம், இரும்பு, ஆர்செனிக், ஆக்சிஜன் கூடிய சேர்மத்திற் சிறிது புளூரின் கலந்து, சுழிக்குக் கீழ் 247 பாகையில் மீக்கடத்தலைக் கண்டனர். அதனைக் காற்றழுத்தத்தினும் ஏறத்தாழ 40,000 மடங்கு அழுத்தியபோது, சுழிக்குக் கீழ் 230 பாகையிலேயே அது தோன்றிற்று.

அழுத்தம் செய்வது யாது? புதுச்சேரிக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டிய கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உள்ளது. அங்குள்ள அறிஞர்கள் பேரியம், இரும்பு, ஆர்செனிக் கூடிய படிகத்தை அழுத்தி ஆராய்ந்து, வேறொன்றும் கலவாமலே அதில் மீக்கடத்தல் தோன்றுவதை 2009-இல் வெளியிட்டனர். இப்படிகத்தை அழுத்தாதுவிடின், சுழிக்குக் கீழ் ஏறக்குறைய 133 பாகையில் இரும்பணுக்களாகிய சிறு காந்தங்கள் ஓர் ஒழுங்கிற் படுகின்றன. மார்க்கெட்டில் ஒரு வரிசைக் கடைகள் கிழக்கு நோக்கியிருக்க, அடுத்த வரிசை மேற்கு நோக்கியிருப்பது போல, ஒரு வரிசைக் காந்தங்கள் ஒரு திசையையும் அடுத்தவை எதிர்த்திசையையும் நோக்கும். எலெக்ட்ரான்கள் பல இவ்வொழுங்கிற் கட்டுண்டு கிடத்தலின், இணை சேர்தற்கு இடமில்லை. அழுத்தினாலோ அணுக்கள் நெருங்குகின்றன, எலெக்ட்ரான்கள் அணு விட்டு அணு எளிதில் தாவுகின்றன, ஒழுங்கு தளர்கிறது. அது மறையும் எல்லையிலேதான் மீக்கடத்தல் தலைகாட்டும். அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் அதுவும் குன்றும்.

ஒழுங்கு குலைந்த பின்னும் ஓயாத காந்தத் துடிப்புகளே எலெக்ட்ரான்களை இணைக்கின்றன என்பது அறிஞர் பலர் கருத்து. ஆயினும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இரும்பும் செலீனியமும் சேர்ந்த பொருளைக் காண்க. அழுத்தாத நிலையில் அதில் காந்த ஒழுங்கே இல்லை. அழுத்தினால் அவ்வொழுங்கு புதிதாய்ப் பிறக்கிறது. அங்ஙனம் பிறந்தும், மீக்கடத்தல் தோன்றும் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 265 பாகையிலிருந்து 236 பாகை வரை ஏறுகின்றது.