நெய்யாறு: நீருக்கு வழக்கு உண்டு; மணலுக்காகக் கேட்பவர் யார்?

புதுதில்லி: கேரளத்தின் தென்கோடியில் ஓடும் நெய்யாறு, தில்லிக்கு ஒரு வழக்கின் பெயராகவே அறிமுகமானது. அகத்திய மலையில் தோன்றி, 56 கி.மீ. ஓடி, பூவாறில் கடலில் கலக்கும் இச்சிற்றாற்றின் நீர் குறித்து இரு மாநிலங்களும் உச்ச நீதிமன்றத்தில் மோதின. ஆனால், அந்நீருடன் வரவேண்டிய மணலும் வண்டலும் எங்கே போயின என்ற கேள்வி வழக்காக எழவில்லை. அதன் விளைவைச் சுமப்பவர்களோ பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராம மக்கள்.

மாநிலப் பிரிவினைக்கு முன்பு திருவிதாங்கூர்-கொச்சி அரசு திட்டமிட்டதுதான் நெய்யாறு பாசனத் திட்டம். 1956-ல் விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தது. தெற்கெல்லைப் போராட்டத்தினர் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அணை கேரளத்தில், இடதுகரைக் கால்வாயின் கடைமடை தமிழகத்தில் என்றாயிற்று. 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியதால், விளவங்கோடு வட்டாரத்தில் சுமார் 9,200 ஏக்கர் பாசனம் இழந்தது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையேயான ஆறே அல்ல என்பது கேரளத்தின் வாதம். இதை எதிர்த்து 2012-ல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

பசித்த நீர்

அணை தண்ணீரை மட்டும் தேக்குவதில்லை. மலையிலிருந்து வரும் பருமணலும் சரளையும் நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகின்றன. மதகு வழியே வெளியேறும் தெளிந்த நீர், தான் இழந்த சுமையை ஆற்றின் படுகையிலிருந்தும் கரையிலிருந்தும் அரித்து எடுத்துக்கொள்கிறது. இதைப் பொறியாளர்கள் ‘பசித்த நீர்’ என்கின்றனர். வரவு நின்றபின், இருப்பில் உள்ள மணலையும் அள்ளினால் ஆறு கடனில் மூழ்குகிறது. படுகை தாழ்கிறது, கரை சரிகிறது, ஆற்றோரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்குகிறது, கழிமுகம் வழியே உப்புநீர் உள்ளே ஏறுகிறது.

இழப்பு ஆற்றோடு முடிவதில்லை. கடற்கரைக்கு மணல் கொண்டுவருவதில் ஆறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பூவாறு பொழிமுகத்துக்குத் தெற்கே கேரளத்தின் கடைசி மீனவ ஊர் பொழியூர். அதையடுத்து தமிழகத்தின் நீரோடி. இரண்டுமே கடலரிப்பில் வீடுகளை இழந்த ஊர்கள். கடலரிப்புக்குக் காரணங்கள் பல. ஆனால், ஆற்றுமணல் வரத்து குறைந்த கரைக்கு அலையைத் தாங்கும் வலு குறைவு. கடலும் மணலும் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை.

சட்டங்களுக்குக் குறைவில்லை

கேரளம் 2001-லேயே ஆற்றங்கரைப் பாதுகாப்பு, மணல் அகற்றல் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. மாவட்ட நிபுணர் குழு, கடவுக் குழு, ஆற்று மேலாண்மை நிதி ஆகியவை அதில் உள்ளன. நெய்யாறு நீருக்குத் தமிழகம் வழக்குத் தொடுத்த அதே 2012-ல்தான், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என தீபக்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் மத்திய ஜல்சக்தி அமைச்சகம் வண்டல் மேலாண்மைக்கான தேசியக் கொள்கைச் சட்டகத்தை வெளியிட்டது.

சிக்கல் அதிகாரப் பகிர்வில் உள்ளது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மணல் சிறுகனிமம், அதற்கு விதி வகுப்பது 1957-ம் ஆண்டின் கனிமச் சட்டப்படி மாநில அரசு. மாநிலங்களுக்கு இடையேயான ஆறு என்றால்தான் மத்திய அரசின் 56-வது இனம் பொருந்தும். ‘அத்தகைய ஆறே அல்ல’ என்ற வாதம் வென்றால், நீரோடு சேர்ந்து மணல் பற்றிய கேள்வியும் ஒரு மாநிலத்தின் உள்விவகாரமாகச் சுருங்கிவிடும்.

வழி உண்டா?

உண்டு என்கிறது உலக அனுபவம். ஜெர்மனியில் ரைன் ஆற்றின் இஃபெட்ஸ்ஹைம் தடுப்பணைக்குக் கீழே, படுகை அரிப்பைத் தடுக்க 1978 முதல் சரளையும் மணலும் கொட்டப்படுகின்றன. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரு அணைகள் அகற்றப்பட்டபின், தேங்கிக் கிடந்த வண்டல் கடலை அடைந்து கழிமுகக் கரை மீண்டும் வளர்ந்தது.

பாசனமும் குடிநீரும் தரும் நெய்யாறு அணையை அகற்றுவது பற்றிய பேச்சுக்கே இங்கு இடமில்லை. ஆனால், நீர்த்தேக்கத்தில் படியும் மணலை அளக்கலாம். தூர்வாரும்போது பருமணல் முழுவதையும் கட்டுமானச் சந்தைக்கு அனுப்பாமல், ஒரு பங்கை அணைக்குக் கீழே ஆற்றுக்கே திருப்பலாம். அது நிலைபெறும்வரை படுகையில் கைவைக்காமல் இருக்கலாம். ஏலத்தொகை தரும் மணலை ஆற்றில் கொட்ட எந்தக் கருவூலமும் எளிதில் முன்வராது. உண்மையான சோதனை அதுவே.

மலையிலிருந்து பொழிமுகம் வரையிலான மணல் கணக்கை இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து எடுக்க, நீர்ப் பங்கீட்டுத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விளவங்கோட்டு உழவரும் பொழியூர் மீனவரும் தத்தம் அரசுகளிடம் கேட்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.