ஒரே டிக்கெட்டில் மலையேற்றம்

நகரம் நகரும் விதம் - 11

சென்ற வாரம் சொன்ன பிரேசில் நகரமான குரிச்சிபாவில் சாலைகள் அகலமானவை. பஸ்ஸுக்கென்று தனித்தடம் ஒதுக்க முடிந்தது. கொலம்பியாவின் மெடலினுக்கு அந்த வசதி கிடையாது. நடுவே ஆறு, இருபக்கமும் செங்குத்தான மலைச்சரிவு. 1995-ல் ஆற்றை ஒட்டி மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தது. பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். சரிவில் இருந்தவர்களுக்கோ ரயில் கண்ணுக்கு எட்டியது, காலுக்கு எட்டவில்லை.

சரிவில் இருந்தவர்கள் யார்? உள்நாட்டுச் சண்டைக்குப் பயந்து கிராமத்தை விட்டு வந்தவர்கள், பிழைப்புத் தேடி வந்தவர்கள். பட்டா இல்லாத நிலத்தில், கையில் காசு சேரச் சேரச் செங்கல் அடுக்கி, வீட்டுக்கு மேல் வீடாகக் கட்டிக்கொண்டார்கள். தெரு என்றுதான் பெயர், பாதி இடத்தில் அது படிக்கட்டு. மூட்டை முடிச்சு எதுவானாலும் தோளில்தான் ஏற வேண்டும். போதைப்பொருள் கும்பல்களின் கை ஓங்கியிருந்த 1991-ல் மெடலினில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 380 கொலைகள் நடந்தன. வடகிழக்குச் சரிவின் உச்சியில் இருக்கும் சாந்தோ டொமிங்கோ பக்கம் வெளியாட்கள் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள்.

அங்கேதான் 2004-ல் ரோப் கார் போய்ச் சேர்ந்தது. அசெவெடோ மெட்ரோ நிலையத்தில் தொடக்கம், நடுவில் இரண்டு நிறுத்தம், சாந்தோ டொமிங்கோவில் முடிவு. மொத்தமே இரண்டு கிலோமீட்டர். பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்களை மலையுச்சியில் இறக்கிவிடும் இயந்திரங்களைச் செய்துவந்த போமா என்ற பிரெஞ்சு நிறுவனம்தான் இதையும் அமைத்தது. உல்லாசப் பயணிகளுக்கான சாதனம், கூலி வேலைக்குப் போகிறவர்களின் வாகனமானது.

நிலையத்துக்குள் நின்று பார்த்தால் அதன் சூட்சுமம் புரியும். இரும்பு வடம் ஒருபோதும் நிற்பதில்லை. இரண்டு முனையிலும் இருக்கும் ராட்சதக் கப்பிகளைச் சுற்றி, காலை முதல் இரவு வரை ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டியின் தலையில் ஒரு பிடி. ஸ்பிரிங்கின் விசையால் அது வடத்தைக் கவ்விக்கொண்டு வருகிறது. நிலையத்துக்குள் நுழைந்ததும் 'டக்' என்ற சத்தத்தோடு பிடி வாயைத் திறக்க, பெட்டி வடத்தை விட்டு விலகித் தண்டவாளத்தில் ஏறிவிடும். வரிசையாகச் சுழலும் சிறு ரப்பர் டயர்கள் அதை உராய்ந்து வேகத்தைக் குறைக்கின்றன. நடை வேகத்தைவிடவும் மெதுவாகப் பெட்டி ஊர்ந்துபோகும்போதே ஒரு பக்கம் இறங்குகிறார்கள், ஒரு பக்கம் ஏறுகிறார்கள். கதவு மூடுகிறது. மறுபடி டயர்கள் பெட்டியை உந்தி வடத்தின் வேகத்துக்குக் கொண்டுவர, பிடி கவ்வுகிறது. அடுத்த நொடி, தரை காலடியிலிருந்து நழுவிக் கீழே போய்விடுகிறது.

பெட்டிக்கு 10 பேர், 12 விநாடிக்கு ஒரு பெட்டி. ஒரு திசையில் மணிக்கு 3,000 பேர் போகலாம். மெட்ரோ ரயிலோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்தான். ஆனால், ரயில் ஏற முடியாத சரிவில், தூண் ஊன்றும் இடத்துக்கும் நிலையங்களுக்கும் மட்டும் நிலம் எடுத்துக்கொண்டு, மற்ற வீடுகளின் கூரைக்கு மேலாகப் போகும் வாகனம் வேறு எது இருக்கிறது? நேரப் பட்டியலும் தேவையில்லை. ஒரு பெட்டி போனால் அடுத்தது கண்ணெதிரே வந்துகொண்டிருக்கும்.

வடத்தையும் தூணையும் எந்த ஊரும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். மெடலின் எடுத்த நல்ல முடிவு டிக்கெட்டில் இருக்கிறது. மெட்ரோவிலிருந்து இறங்கி ரோப் காரில் ஏறுகிறவர் தனியாகப் பணம் கட்ட வேண்டாம், அதே டிக்கெட் போதும். 'மலையில் இருக்கிறவரும் இந்த ஊர்க்காரர்தான்' என்று நகராட்சி எழுதிக்கொடுத்த சீட்டு அது. அதே சாந்தோ டொமிங்கோவிலிருந்து 2010-ல் இன்னொரு தடம், மலைக்கு அப்பால் இருக்கும் ஆர்வி வனப் பூங்காவுக்குப் போனது. அதற்கு மட்டும் தனிக்கட்டணம், அதுவும் அதிகம். ஊர் பார்க்கப் போகிறவர் கூடுதலாகக் கொடுக்கட்டும், வேலைக்குப் போகிறவர் கொடுக்க வேண்டாம் என்ற கணக்கு நியாயமானது.

ரோப் காரை மந்திரக்கோல் என்று ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2004-ல் மேயரான கணிதப் பேராசிரியர் செர்ஜியோ ஃபஹார்தோவின் காலத்தில், நிலையங்களைச் சுற்றிப் பள்ளிகள், பூங்காக்கள், நடைபாலங்கள், தெருவிளக்குகள் எல்லாம் சேர்ந்தே வந்தன. ரோப் கார் வந்த பகுதிகளையும், அவற்றைப் போலவே ஏழ்மையில் இருந்து ரோப் கார் வராத பகுதிகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. கொலைகள் நகரம் முழுவதும் குறைந்திருந்தன, ஆனால் ரோப் கார் வந்த பகுதிகளில் அந்தச் சரிவு 66 சதவீதம் கூடுதல். இதில் வடத்தின் பங்கு எவ்வளவு, விளக்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்காமல் செய்ததால்தான் பலித்தது.

பிரித்துச் செய்த ஊர் ரியோ டி ஜெனீரோ. மெடலினைப் பார்த்துவிட்டு, அலெமாவ் குன்றுகளின் மேல் 2011-ல் ரோப் கார் விட்டார்கள். ஆறு நிலையங்கள், மூன்றரை கிலோமீட்டர், புறநகர் ரயிலோடு இணைப்பு. திறந்துவைக்க அதிபரே வந்தார். ஆனால், நிலையங்கள் குன்றுகளின் உச்சியில் இருந்தன. வீடுகளோ சரிவெங்கும் பரவியிருந்தன. பாதி மலையில் இருப்பவர் ரோப் காரில் கீழே இறங்க, முதலில் மேலே ஏற வேண்டும். சாக்கடை வசதி செய்து கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்த மக்களின் தலைக்கு மேல் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். 2016-ல் ஒலிம்பிக் முடிந்து, மாநில அரசின் கஜானாவும் வறண்டபோது ஓட்டம் நின்றது. பிறகு ஆண்டுக்கணக்கில் தூண்கள் மட்டுமே நின்றன.

லண்டன் கதை வேறு வகை. 2012-ல் தேம்ஸ் நதிக்கு மேல், சுமார் 6 கோடி பவுண்டு செலவில் ரோப் கார் அமைத்தார்கள். அதன் தென்கரை நிலையத்துக்குப் பக்கத்திலேயே நார்த் கிரீன்விச் சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே ஏறினால் ஒரே நிறுத்தத்தில் அக்கரை. ரோப் காருக்கோ தனிக்கட்டணம். அலுவலகம் போகிறவர் எதில் போவார் என்று சொல்லவே வேண்டாம். நதியை மேலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள். அதில் தவறில்லை, ஆனால் அதற்குப் பொதுப் போக்குவரத்து என்று பெயர் சூட்டியிருக்க வேண்டாம்.

இந்த விஷயத்தில் எல்லாரையும் தாண்டிப் போனது பொலிவியா. லா பாஸ் நகரம் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில், கிண்ணம் போன்ற பள்ளத்தில் இருக்கிறது. கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே, 4,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் எல் ஆல்டோ. மேலே வீடு, கீழே வேலை என்பதுதான் லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கை. வளைந்து வளைந்து போகும் சாலையில் மினி பஸ்கள் நெரிசலில் திணறும். 2014 மே மாதம் சிவப்புத் தடம் திறந்தது. அதே ஆண்டில் மஞ்சள், பச்சை. மூன்றும் சேர்ந்தால் பொலிவியக் கொடி. 2019-க்குள் 10 தடங்கள், ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மெடலினில் ரோப் கார் மெட்ரோவுக்குத் துணை, இங்கே ரோப் கார்தான் மெட்ரோ.

நிலையங்களுக்கு ஸ்பானிய மொழியோடு, பூர்வகுடிகளின் அய்மாரா மொழியிலும் பெயர் வைத்திருக்கிறார்கள். சிவப்புத் தடம் பழைய ரயில் நிலையத்தில் கிளம்புகிறது. அடுத்த நிறுத்தம் நகரத்தின் பெரிய கல்லறைத் தோட்டம். இடநெருக்கடியால் அங்கே இறந்தவர்களுக்கும் அடுக்குமாடிதான். சுவரில் மாடம் மாடமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சிறு கண்ணாடிக் கதவு, உள்ளே பூ. அந்த நிலையத்தின் அய்மாராப் பெயர் அஹாயுனி. 'அஹாயு' என்றால் ஆன்மா. அதைத் தாண்டியதும் செங்கல் வீடுகள் செங்குத்தாகக் கீழிறங்குகின்றன. மொட்டை மாடிகளில் காயும் துணி, குரைக்கும் நாய், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பெட்டிக்கு நேர் கீழே.

வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பெட்டிகளில் கூட்டம் தாங்காது. சிவப்புத் தடம் போய் முடியும் இடத்தில் மாபெரும் சந்தை கூடும் நாட்கள் அவை. பழைய துணியிலிருந்து கார் உதிரிபாகம் வரை அங்கே எல்லாம் கிடைக்கும். கொசுவம் வைத்த அகலப் பாவாடையும் வட்டத் தொப்பியும் அணிந்த பெண்கள், வண்ணக்கோடு போட்ட துணியில் மூட்டை கட்டி முதுகில் சுமந்தபடி ஏறுவார்கள். எதிர் இருக்கையில் கேமராவோடு வெளிநாட்டுப் பயணி உட்கார்ந்திருப்பார். பின்னணியில் இல்லிமானி பனிமலை. இருவர் கையில் இருப்பதும் ஒரே விலை டிக்கெட். பத்து நிமிடத்தில் பெட்டி உச்சி நிலையத்துக்குள் நுழைந்து வேகம் குறையும். மூட்டைக்காரப் பெண் முதலில் இறங்குவார். பயணி கண்ணாடியில் முகம் பதித்துப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், கதவு மூடப்போகிறது என்று யாராவது சொல்லும்வரை.

(தொடரும்)