உரியவர் இல்லாப் பொருளும் உரிமை வழக்கும்

பிட்காயின் எனும் மின்நாணயத்திற்கு அரசும் இல்லை, வங்கியும் இல்லை. உரியவர் இல்லாத பொருளுக்கு யார் உரிமை கோர முடியும்?

2008 அக்டோபர் 31இல் சதோஷி நகமோட்டோ எனும் புனைபெயரில் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரையே இதன் தோற்றுவாய். மறு ஆண்டு வந்த மென்பொருளை எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமம் அளிக்கப்பட்டது.

இங்கு மூன்று உரிமைகளை நாம் பிரித்தறிதல் வேண்டும். பதிப்புரிமை எழுத்தைக் காக்கும். காப்புரிமை கண்டுபிடிப்பைக் காக்கும். வணிகக்குறி பெயரைக் காக்கும். முன்னரே வெளியான உத்திக்குப் பிறர் காப்புரிமை பெற இயலாது. ஆயின் அதன்மேல் எழும் புதிய மேம்பாடுகளுக்குப் பெறலாம். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

தாமே சதோஷி என்றார் கிரெய்க் ரைட். 2021இல் எதிர்த்தரப்பு முன்னிலையாகாத வழக்கொன்றில், அக்கட்டுரையை ஓர் இணையதளத்திலிருந்து நீக்குமாறு லண்டன் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. காப்புரிமையைத் தாக்கும் ஆயுதமாக்குவதில்லை என உறுதிபூண்டு 2020இல் உருவான நிறுவனங்களின் கூட்டமைப்பு அவர்மீது வழக்குத் தொடுத்தது. ரைட் சதோஷி அல்லர், அக்கட்டுரையை எழுதியவரும் அல்லர் என 2024 மார்ச்சில் அதே நீதிமன்றம் தீர்த்தது.

பொதுவில் விடப்பட்ட கிணற்றுக்கும் காவல் வேண்டும் என்பதே இவ்வழக்கிலிருந்து நாம் பெறும் பாடம்.