வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று

பனிச்சறுக்குக்காக குல்மார்க் செல்வோர் பலர் ஒரே கண்ணாடியோடு, அதுவும் மிகக் கருமையான ஒன்றோடு புறப்படுகிறார்கள். தெளிந்த வெயிலில் அது சரியே. புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி வீசுகிறது. கேபிள் கார் ஏறிச் சேரும் அபர்வத் மலையிலோ அக்கதிர்களின் வலிமை இன்னும் மிகுதி. அங்கு வெறுங்கண்ணோடு நின்றவருக்குச் சில மணி நேரம் கழித்தே, மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் வலியும் தொடங்கும்.

ஆனால் நாம் அதிகம் அஞ்சுவது மேகம் மூடிய பிற்பகலை. நிழல்கள் மறைந்து வானும் பனியும் ஒரே வெண்மையாகிவிட, பள்ளம் காலுக்குத் தெரிந்த பிறகே கண்ணுக்குத் தெரிகிறது. முழங்கால் திருகிக்கொள்ள அந்த ஒரு நொடி போதும். கருங்கண்ணாடி அவ்வேளையில் காட்சியை மேலும் மங்கச் செய்யும். மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு லென்ஸ் நீல ஒளியைக் குறைத்து, எஞ்சிய மெல்லிய நிழலையும் எடுத்துக் காட்டும்.

ஆகவே லென்ஸ் மாற்றத்தக்க கண்ணாடியை வாங்குவோர் நிறத்தைவிட எண்ணைப் பார்ப்பது நலம். வெயிலுக்கு, 8 முதல் 18 விழுக்காடு ஒளியை உள்ளே விடும் எஸ்3 வகை. மேகத்துக்கு, 43 முதல் 80 விழுக்காடு விடும் எஸ்1 வகை. கருமை மட்டுமே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடாது. அதற்குரிய பாதுகாப்புக் குறிப்பு இரண்டு லென்ஸிலும் இருக்க வேண்டும். காந்தத்தால் பொருந்துபவை சற்று விலை கூடியவை. எனினும் கையுறையைக் கழற்றாமலே மாற்றலாம் என்பதால் நம் பரிந்துரை அவற்றுக்கே. மாற்றும்போது ஈரமான உட்புறத்தைத் தேய்த்துத் துடைக்க வேண்டா. ஆவி படியாமல் காக்கும் பூச்சு கெட்டுவிடும். மூக்குக்கண்ணாடி அணிவோர், அதை அணிந்தவாறே கடையில் பொருத்திப் பார்த்து வாங்கவும்.