அச்சு முறுக்கு
தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பலகாரக் கடைகள் களைகட்டும். ஆனாலும் வீட்டில் சுட்ட அச்சு முறுக்கின் வாசனையே தனி. ரோஜாப்பூ வடிவம் என்பதால் மலாய்க்காரர்கள் இதைக் ‘குவே ரோஸ்’ என்பார்கள்.

அரிசி மாவு, முட்டை, தேங்காய்ப்பால், சீனி கலந்த மாவு தயாரா? அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காயட்டும். பிறகு மாவில் முக்கால் பாகம் மட்டும் தோயுங்கள். மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழலவே கழலாது. அளவாகத் தோய்த்தால், எண்ணெயில் மெல்ல ஆட்டும்போதே பூ தானாக விடுபட்டு மிதக்கும். முதல் ஒன்றிரண்டு உடைந்தால் மனம் தளராதீர்கள். அச்சு பழக வேண்டும்.

முழுக்க ஆறிய பிறகே டின்னில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் நமுத்துவிடும். அக்கம்பக்கத்து மலாய், சீனக் குடும்பங்களுக்கென்று ஒரு டின்னை முதலிலேயே எடுத்து வையுங்கள், நேயர்களே!